லிஃப்ட் வேலை செய்யாது

அட்டையில் அப்படி எழுதியவள் நான்தான்.
போருக்கும் முந்தைய ஓர் இலையுதிர்காலத்தில்.
"லிஃப்ட் வேலை" என்பது நீலத்தில்.
மை தீர்ந்துபோய்
"செய்யாது" மட்டும் பச்சையில்.

ஜித்தோமிர் நகர் முடிகிற இடத்தில்
ஒன்பது தளம், முப்பத்தாறு வீடு,
எதற்கும் ஒத்துப்போகாத முப்பத்தாறு வாய்.
"தரையில் குடியிருக்கிற எனக்கு எதற்கடி லிஃப்ட்"
என்று கதவைச் சாத்துவாள் ரயிசா.
"ஏறி ஏறிக் கால் இரும்பாகிவிட்டது"
என்பான் ஒன்பதாம் தளத்து ஸ்டாஹ்.
அந்தப் பேச்சை அவன் இப்போது பேசுவதில்லை.

ஏழாம் தளத்து லுபோமிருக்கு
இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்று
பிப்ரவரியில் தகவல் வந்தது.
ஒரிஸ்யா யாரிடமும் சொல்லவில்லை.
குப்பை கொட்ட இறங்கியவள்
திரும்பி ஏறும்போது
உதடசைய எண்ணிக்கொண்டு போனாள்.
நூற்றுப் பன்னிரண்டு படி.
கட்டடத்துக்கே தெரிந்துவிட்டது.

அன்று மாலை ரயிசா வந்தாள்.
வெள்ளரி ஊறுகாய் ஜாடி,
உள்ளே வெள்ளரிக்குப் பதில்
சுருட்டிச் சுருட்டி அடைத்த பணம்.
"ரசீது எழுதினால் கிழித்துப் போடுவேன்."

மெக்கானிக் ஸினோவி மோட்டாரைத் திறந்து பார்த்து
தொப்பியைக் கழற்றினான், துக்க வீட்டில் போல.
கம்பிவடம் கார்கிவிலிருந்து வரவேண்டும்;
வரவேண்டிய கிடங்கு எரிந்துபோயிற்று;
வேறு கிடங்கு.
மே மாதக் கடைசியில் லிஃப்ட் ஓடியது,
மின்சாரம் இருக்கிற மணிகளில்.
இல்லாத மணிகளுக்காக
உள்ளே ஒரு பெட்டி வைத்தோம்:
தண்ணீர், பிஸ்கட், டார்ச்.
ரயிசா ஒரு முக்காலி போட்டாள்.

வரவேற்பு சனிக்கிழமை நண்பகல் என்று முடிவு.
பூவேலைத் துணியில் ரொட்டி, நடுவில் உப்பு,
பிள்ளைகள் கையில் கொடி.
யார் முதலில் பேசுவது என்று
மூன்று மாலை சண்டை.
என்னை எழுதச் சொன்னார்கள்.
"நன்றி" என்று எழுதி
அதற்குப் பின்னால் எதைச் சேர்த்தாலும்
வங்கியிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது.

அவனோ
சனி விடியுமுன், நாலே முக்காலுக்கு வந்தான்.

படிக்கட்டில் ஒரு பூட்ஸ்.
பிறகு ஓர் உலோகம்.
பூட்ஸ்.
உலோகம்.
பை உரசுகிற சத்தம்.
ஐந்தாம் தளத்தில், என் வாசலில்,
நின்றுவிட்டது.

கதவுக்கு இந்தப் பக்கம் வெறுங்காலோடு நான்.
தாழ்ப்பாளில் கை.
அவன் மூச்சுக்கும் என் மூச்சுக்கும் நடுவே
இரண்டு விரற்கடை மரம்.
அப்போதுதான் உறைத்தது:
அந்த அட்டையை
யாருமே கழற்றவில்லை.
யாரும் என்றால், நான்.

எழுபத்தாறு படி ஏறி வந்தவனிடம்
கதவைத் திறந்து
"லிஃப்ட் ஓடுகிறதே" என்று சொல்லவா?

திறக்கவில்லை.
மீதி முப்பத்தாறை
இருட்டில் நின்று எண்ணினேன்.
வீட்டுக்கு ஒன்று.

நண்பகலில் லிஃப்ட் இறங்கியது.
கதவு விலகியபோது
முக்காலியில் உட்கார்ந்திருந்தான்,
எங்கள் பிஸ்கட்டில் ஒன்றைத் தின்றுகொண்டு.
பேச வேண்டியவர்கள் எல்லோரும்
பேச வேண்டியதை மறந்துபோனோம்.
ரொட்டியைப் பிய்த்தான், உப்பைத் தொட்டான்,
மென்றுகொண்டே கேட்டான்:
"அந்த அட்டை யார் எழுதியது?"

என் கை பாதி உயர்ந்து நின்றது,
வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையின் கையாக.

"ரயில்நிலையத்தில் இறங்கினேன், நம்பிக்கை வரவில்லை.
தெருவில் நடந்தேன், பாதிக் கடைகள் இல்லை.
உள்ளே வந்தால்
அந்தப் பச்சை 'செய்யாது'.
சரி, வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று
அதைப் பார்த்துத்தான் தெரிந்தது."

ஸ்டாஹ் முதலில் சிரித்தான்.
ஒரிஸ்யா சிரிக்கவில்லை.
திறந்தே நின்ற கதவு
மூடவிடு மூடவிடு என்று கத்திக்கொண்டிருந்தது.

நன்றி என்று நான் இன்னும் சொல்லவில்லை.
இரவில் சில நேரம்
என் தளத்தில் நிற்காமல்
மேலே போகும் சத்தம் கேட்கும்.
ஏழு வரும்வரை தூங்குவதில்லை.

மாதம் ஐந்தாம் தேதி
லிஃப்ட் பணம் வசூலிக்கக் கதவு தட்டுகிறேன்.
ரயிசாதான் முதலில் கொடுக்கிறாள்.
இப்போதெல்லாம்
ரசீது கேட்கிறாள்.